பல்கலைக்கழகத்தை இடையில் விடும் பிள்ளைகள்

பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒன்றிரண்டு வருடத்தில் பையோடு திரும்பி வந்தால், "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் முடிவுகட்டி விடுகிறது. உயர்தரத்தில் அத்தனை பேரோடு போட்டியிட்டு இடம்பெற்ற பிள்ளைக்கு மூளை குறைவென்பது எப்படிப் பொருந்தும்? நாம் காண்கிற காரணங்கள் வேறு.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். அரச பல்கலைக்கழகத்திலும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, பஸ் காசு, போட்டோப் பிரதி எதுவும் இலவசமல்ல. விடுதியில் எல்லா வருடமும் இடம் கிடைப்பதில்லை. பலர் வெளியே வாடகை அறை பிடிக்கிறார்கள். மகாபொல உதவிப்பணம் பல வருடங்களாக மாதம் 5000 ரூபாவாகவே நின்றது. 2022 இல் அரிசியும் எண்ணெயும் எட்டாத விலைக்குப் போனபோதும் அதே தொகைதான். 2025 வரவு செலவுத் திட்டத்திலேயே அது 7500 ஆக்கப்பட்டது. புதிய மாணவருக்கு முதற் பணம் கைக்கு வரப் பல மாதங்கள் செல்வதுண்டு. தாயின் தோடு அடகுக்குப் போவது அந்த இடைவெளியில்தான்.

அறை வாடகை மாதாமாதம் கேட்கும். கமக்காரனுக்குக் காசு போகத்துக்குப் போகம்தான் வரும். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் விழுந்தது. சொந்த வயலை விட்டு வந்த குடும்பத்துக்கோ போகமும் இல்லை, நாட்கூலி மட்டுமே. அப்போது மூத்த பிள்ளை, தம்பி தங்கச்சிக்காகத் தன் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறது. பெண்பிள்ளையானால், தூர இடம் என்ற பயமும் கலியாணப் பேச்சும் சேர்ந்துகொள்கின்றன.

இன்னும் இரண்டு காரணங்களைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. தமிழில் உயர்தரம் படித்தவருக்கு விஞ்ஞானம், பொறியியல், மருத்துவ விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. முதற் பரீட்சையில் தவறியதும் வெட்கம் பிடித்துக்கொள்கிறது. மற்றது பகிடிவதை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனாலும் அது ஒழியவில்லை. லீவில் வந்த பிள்ளை திரும்பிப் போக மறுத்தால் ஏசாமல், என்ன நடந்ததென்று கேளுங்கள்.

படிப்பைத் தொடங்கி இடையில் விட்டவருக்கு, மறுபடி அரச பல்கலைக்கழக அனுமதி பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே பேசாமல் நின்றுவிடக் கூடாது. காசோ, நோயோ, வீட்டுக் கஷ்டமோ, காரணத்தை எழுதிப் பீடாதிபதிக்குக் கடிதம் கொடுத்து, தற்காலிக விடுமுறை கேட்கலாம். அனுமதி கிடைத்தால் இடம் பறிபோகாது. மாணவ ஆலோசகரையும் பிள்ளை சந்திக்கட்டும். இது பிச்சை கேட்பதல்ல.

உதவிப்பண விண்ணப்பத்தில் காணி விபரம் கேட்டால், உறுதியில் உள்ள பரப்பை மட்டும் எழுதி விடாதீர்கள். அந்தக் காணிக்குள் போக முடியவில்லை, அதிலிருந்து வருமானம் இல்லை என்பதையும் எழுதி, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி இணையுங்கள்.