இரத்த யூரியாவும் அதன் கணக்கும்

புரதம் உடலிற் சிதைவுறும்போது எழும் நைதரசன் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றுகின்றது. சிறுநீரகங்கள் அதனை வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் குன்றின் இரத்தத்தில் யூரியா மிகும்.

அறிக்கையைப் பெறுவோர் முதலில் எது அளக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். சில ஆய்வுகூடங்கள் யூரியா முழுவதையும், சில அதிலுள்ள நைதரசனை மட்டுமே குறிக்கும். யூரியாவின் மூலக்கூற்று நிறை 60; அதில் நைதரசன் 28. ஆகவே, டெசிலீற்றருக்கு 14 மில்லிகிராம் நைதரசன் என்பதும் 30 மில்லிகிராம் யூரியா என்பதும் ஒன்றே. வளர்ந்தோர்க்கு நைதரசன் 7 முதல் 20 வரை இருத்தல் பொதுவாக இயல்பு.

எண் உயர்ந்தவுடன் சிறுநீரகம் பழுதுற்றதென அஞ்சவேண்டுவதில்லை. உடலில் நீர் குறைதல், மிகுபுரத உணவு, இரைப்பையிற் குருதி கசிதல் என்பனவும் அதனை உயர்த்தும். எண் இயல்பாயிருப்பதால் அயர்ந்திருத்தலும் தகாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் தெளியாத சிறுநீரக நோய், திகன வழியே மகியங்கனை செல்லும் தெருவுக்கு அப்பாலுள்ள கிராந்துருகோட்டையிலும் உழவரை வருத்துகின்றது. அது தொடக்கத்தில் அறிகுறி காட்டாது; சிறுநீரகம் தன் ஆற்றலிற் பெரும்பகுதியை இழந்த பின்னரே யூரியா உயர்தலும் உண்டு.

ஆதலின் கிரியேற்றினினையும் சிறுநீரிலுள்ள புரதத்தையும் உடன்வைத்து முடிவு கூறுவது வைத்தியர் கடன். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் ஆண்டுதோறும் தவறாது பரிசோதிப்பித்தல் தம் கடன்.