பாட்டி நடந்தால் விளக்கு எரியும்!

மயிலாப்பூரில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு. முன்னால் ரேழி, நடுவில் கூடம், பின்னால் கொல்லை. கூடத்திலிருந்து கொல்லைக்குப் போக நீண்ட நடை ஒன்று உண்டு. இரவில் பாட்டி எழுந்தால், அந்த இருட்டு நடையில் சுவரைத் தடவிக்கொண்டே போய்த்தான் ஸ்விட்சைப் போடவேண்டும். ஒருநாள் வாளி தடுக்கி விழப் பார்த்தார். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும்?

ஆகவே, ஆள் வருவதை உணர்ந்து தானே விளக்கை ஏற்றும் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, கொல்லைக் கதவுக்கு மேலே பொருத்தினோம். மார்கழி மாதம் முழுவதும் அது ஒழுங்காக வேலை செய்தது. மே மாதம் வந்ததும், பாட்டி பாதி நடையைக் கடந்த பிறகுதான் விளக்கு எரிந்தது! கருவி கெட்டுவிட்டது என்றார்கள் வீட்டில். உண்மையில் அது கெடவில்லை. பின் என்னதான் நடந்தது? கண்டுபிடிப்போமா, நண்பர்களே?

கண்ணுக்குத் தெரியாத ஒளி

இந்தக் கருவிக்கு ஆளை அடையாளம் தெரியாது. அதற்குத் தெரிவது வெப்பம் மட்டுமே. எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர்களை வீசுகின்றன. நம் உடல் வீசுபவை அகச்சிவப்புக் கதிர்கள். இவற்றின் அலைநீளம் பெரும்பாலும் 9, 10 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் இவற்றைக் காணாது.

சில பாம்புகள் இக்கதிர்களை உணர்கின்றன. மலைப்பாம்பின் உதட்டோரத்தில் சிறு குழிகள் இருக்கும். கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள். இருட்டிலும் எலியின் உடல் சூட்டை அது அறிவது இக்குழிகளால்தான்.

இலங்கையிலிருந்து சென்ற கல்

நம் ஸ்விட்சில் குழிகளுக்குப் பதில் ஒரு படிகம் இருக்கிறது. சூடு மாறினால் அதில் மின்னூட்டம் தோன்றும். இந்தப் பண்பை ஐரோப்பியர் ஆராயத் தூண்டியது இலங்கைக் கல் ஒன்று என்றால் வியப்பாக இல்லையா? 1700-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் கற்களைக் கொண்டுபோனார்கள். சூடான கல் அடுப்புச் சாம்பலைத் தன்பால் இழுத்தது. அதனால் அதைச் 'சாம்பல் இழுப்பான்' என்றே அழைத்தார்கள். 1824-இல் டேவிட் புரூஸ்டர் என்ற அறிஞர் இப்பண்புக்குப் 'பைரோ எலக்ட்ரிசிட்டி' என்று பெயரிட்டார். 'பைரோ' என்றால் கிரேக்க மொழியில் நெருப்பு.

இரண்டு துண்டு, பல பட்டைகள்

கருவிக்குள் உணரும் துண்டுகள் இரண்டு உள்ளன. அவை ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டவை. அறை முழுவதும் சூடேறினால் இரண்டும் சமமாகச் சூடேறும். ஒன்றை மற்றது ஈடுசெய்துவிடும். ஆனால் ஒருவர் குறுக்கே நடந்தால், முதலில் ஒரு துண்டின் மேலும் பிறகு மற்றதன் மேலும் கதிர்கள் விழும். அப்போதுதான் மின் துடிப்பு உண்டாகிறது.

முன்னால் உள்ள வெண்ணிறக் குமிழைப் பாருங்கள். அதில் சிறு வில்லைகள் பல உள்ளன. இவை அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டுகின்றன. குறுக்கே நடப்பவர் பல பட்டைகளை வெட்டிச் செல்கிறார். கருவியை நோக்கி நேராக வருபவரோ ஒரே பட்டைக்குள் வெகுதூரம் நடந்துவிடுகிறார்!

இப்போது விடை தெரிந்துவிட்டது அல்லவா? பாட்டி வந்தது கருவியை நோக்கி நேராக. மார்கழியில் சுவர் குளிர்ந்திருந்தது. பாட்டியின் தோல் சூடு சுமார் 33, 34 டிகிரி செல்சியஸ். வேறுபாடு பெரிதாக இருந்ததால் கருவி எப்படியோ சமாளித்தது. மே மாதத்தில் மொட்டை மாடி வெயிலில் காய்ந்து, இரவிலும் சுவர் ஏறக்குறைய அதே சூட்டில் இருந்தது. கருவிக்குப் பாட்டியும் சுவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

கருவியைக் கழற்றி நடையின் பக்கச் சுவரில் மாற்றினோம். பாட்டி அதைக் குறுக்காகக் கடக்கிறார். இப்போது கூடத்து வாசற்படியைத் தாண்டியதும் விளக்கு எரிகிறது.

அசையாமல் படித்தால்?

இந்த ஸ்விட்சைப் படிக்கும் அறையில் வைத்தால் வேறொரு தொல்லை உண்டு. நீங்கள் அசையாமல் கணக்குப் போடும்போது, ஆள் இல்லை என்று அது விளக்கை அணைத்துவிடும். அங்கே ரேடார் வகை ஏற்றது. அது 24 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூட அறியும். இவ்வலைகளின் நீளம் 12.5 மில்லிமீட்டர். இத்தகைய மில்லிமீட்டர் அலைகளை 1890-களிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் உண்டாக்கி ஆராய்ந்தார். ஆனால் சுழலும் மின்விசிறியையும் ரேடார் ஆள் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே அதன் பார்வையில் விசிறி படாதபடி வைக்கவேண்டும்.

மின்சாரம் மிச்சமா?

இரவு முழுவதும் 10 மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு 90 வாட்-மணி செலவழிக்கும். கருவி தான் விழித்திருக்க அரை வாட் எடுப்பதாகக் கொண்டால், ஒரு நாளுக்கு 12 வாட்-மணி. விளக்கு பத்து நிமிடம் எரிய இன்னும் ஒன்றரை. ஆக, மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் வெளியேறும்போது மறக்காமல் விளக்கை அணைக்கும் வீட்டில், கருவி வைத்தால் செலவுதான் கூடும்!

செய்து பாருங்கள்

இத்தகைய ஸ்விட்ச் உங்கள் வீட்டில் இருந்தால், தரையில் சாக்பீஸால் கோடுகள் போடுங்கள். நேராகவும் குறுக்காகவும் நடந்து, எந்தக் கோட்டில் விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் நடுப்பகலிலும் செய்து ஒப்பிடுங்கள். மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று கை அசைத்தும் பாருங்கள். விளக்கு எரிகிறதா? ஏன்?

ஒன்றை மறக்காதீர்கள். 230 வோல்ட் கம்பியைத் தொடும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. அதை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று அவருக்குக் காரணத்தோடு சொல்ல உங்களால் முடியும்.