இலுப்பை மரத்தின் அறிவியல் பெயர் மாறியது ஏன்? 250 வருடப் பழைய புத்தகங்கள் சொல்லும் பதில்

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரின் பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. கோயில் விளக்குக்கு எண்ணெய், தலைக்குத் தேய்க்கப் புண்ணாக்கு என்று ஊருக்கே உதவிய மரம் இது. ஆனால், இதன் அறிவியல் பெயரைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். பழைய நூல்களில் 'பாஸியா லாங்கிஃபோலியா', இன்றைய பட்டியல்களில் 'மதுகா லாங்கிஃபோலியா'. மரம் ஒண்ணுதான், பெயர் மட்டும் ஏன் மாறிச்சு?

யார் வெச்ச பெயர்?

1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். இங்குள்ள செடிகொடிகளை ஆராய்ந்து, அந்த விவரங்களைத் தன் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771-ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் இலுப்பை 'பாஸியா' என்ற பேரினப் பெயருடன் அச்சேறியது.

அப்புறம் என்ன சிக்கல்?

தாவரவியலில் ஒரே பேரினப் பெயரை இரண்டு வெவ்வேறு செடிகளுக்கு வைக்க முடியாது. முதலில் அச்சானதே செல்லும். இத்தாலியின் டூரின் நகரில் வெளிவந்த ஓர் ஆய்விதழில், கார்லோ அல்லியோனி என்பவர் 1766-லேயே வேறொரு செடிக்கு 'பாஸியா' என்று பெயர் வைத்துவிட்டார். ஐந்தே வருட வித்தியாசத்தில் இலுப்பை அந்தப் பெயரை இழந்தது.

அடுத்து கைகொடுத்தது 1791-ல் க்மெலின் நூலில் வந்த 'மதுகா' என்ற பேரினப் பெயர். இலுப்பையின் வடமொழிப் பெயரிலிருந்து வந்தது அது. 1918-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் மெக்பிரைட் இரண்டையும் சேர்த்து 'மதுகா லாங்கிஃபோலியா' ஆக்கினார். இன்றும் முழுப் பெயரை எழுதும்போது கோனிக்கின் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும்.

பழைய புத்தகம் இன்னைக்கு எதுக்கு?

பல துறைகளில் பழைய கட்டுரைகள் காலாவதியாகிவிடும். இயற்கை வரலாற்றில் அப்படி இல்லை. எந்த உயிரினம், எந்த ஊரில், எந்த வருடம் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. 1900-க்குப் பிறகு பதிவே இல்லாததால் அழிந்துவிட்டதாக நினைத்த ஜெர்டன் பறவை, 1986-ல் ஆந்திராவின் கடப்பா பகுதியில் மீண்டும் கிடைத்தது. எந்தப் பகுதியில் தேடுவது என்று காட்டியவை பழைய பதிவுகள். பறவையைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

எங்கே படிக்கலாம்?

'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' என்ற இணைய நூலகத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் இலவசம். 1886-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழின் பழைய தொகுதிகளை மொபைலிலேயே புரட்டலாம். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுப்பையும் பாருங்கள். அதில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார்.

தமிழில் வந்தவை?

இங்கேதான் கவலை. லத்தீனிலும் ஆங்கிலத்திலும் வந்தவை ஸ்கேன் ஆகிப் பத்திரமாகிவிட்டன. மரம், மூலிகை, விவசாயம் பற்றித் தமிழில் வந்த சின்னச் சின்ன நூல்களும் இதழ்களும் எல்லாம் அப்படி இல்லை. உள்ளூர்ப் பெயர்களும் பயன்பாடும் அவற்றில்தான் இருக்கின்றன. தாள் பொடிந்தால் அந்தத் தகவலும் போச்சு.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. முதல் பதிப்புகளுக்குப் பேர்போன ஞானாலயா நூலகம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. தாத்தா வைத்திருந்த மூலிகைப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடும் முன், அது மின்னூலகத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு நல்ல நூலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.