கண்ணில் விடும் கூட்டு மருந்து: எதற்கு, எதற்கு அல்ல?

2022 நவம்பரில் தமிழகம் முழுக்க ‘மெட்ராஸ் ஐ’ பரவியது நினைவிருக்கலாம். 1918-ல் சென்னையில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. கண் சிவந்தால், நம்மூரிலும் பலர் டாக்டரைப் பார்க்காமல் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து கேட்டு வாங்குகிறார்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

பாக்டீரியா தொற்றி, கெட்டியான மஞ்சள் பீளை தள்ளும்போதுதான் இதற்கு வேலை. எந்தக் கிருமி என்பது உடனே தெரியாது. அதனால் மருந்துகளைச் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். பாலிமிக்ஸின்-பி ஒரு வகைக் கிருமியின் வெளிச்சவ்வை உடைக்கும். கிராமிசிடின் வேறொரு வகையின் சவ்வில் ஓட்டை போடும். நியோமைசின், கிருமி தனக்கான புரதத்தைச் செய்ய விடாது. சிலருக்கு நியோமைசின் ஒவ்வாமல் இமை வீங்கி அரிக்கும். நோய் முற்றிவிட்டதென்று எண்ணி இன்னும் அதிகமாக விடுவோரும் உண்டு!

சில கூட்டு மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். சிவப்பு சீக்கிரம் குறைவதால் பலருக்கும் அதுதான் பிடிக்கிறது. ஆனால் கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால் அதை வளர்த்துவிடும். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பே கெடலாம். பழைய சீட்டைக் காட்டி வாங்கவே கூடாதது இது.

ரமழானில் தவறாமல் வரும் கேள்வி: நோன்பு முறியுமா? ஷாஃபிஈ மத்ஹபில் கண் திறந்த துவாரமாகக் கணக்கிடப்படுவதில்லை. தொண்டையில் கசந்தாலும் நோன்பு முறியாது. கண்ணீர்க் குழாய் மூக்கில் இறங்குவதால் வரும் கசப்பு அது. மருந்து விட்டதும் மூக்கோரக் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் குறையும். ஒரு சொட்டு போதும், மிச்சம் கன்னத்தில்தான் வழியும்.