கருப்பை ஆபரேஷன் முடிவில் ஒரு கேமரா சோதனை: எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை?

கருப்பையை எடுக்கும் ஆபரேஷனில் சர்ஜன்களைப் பதற்றத்தில் வைத்திருப்பது ஒரு மெல்லிய குழாய். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரெட்டர். கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு அடியில், கருப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளித்தான் அது ஓடுகிறது. தமனியைக் கட்டும்போது இதுவும் தையலில் மாட்டிக்கிட்டா? அந்தப் பக்கச் சிறுநீரகம் அடைபட்டு வீங்கும். வலி வந்தால் தெரிந்துவிடும். வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு.

இதைப் பிடிக்க சிஸ்டாஸ்கோபி என்ற சோதனை இருக்கிறது. மயக்கம் தெளியும் முன்பே, சிறுநீர்ப் பாதை வழியாகச் சின்ன கேமராவை உள்ளே விட்டு, இரண்டு யூரெட்டர் வாய்களிலிருந்தும் சிறுநீர் பீய்ச்சி வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் அங்கேயே தையலைப் பிரித்துச் சரிசெய்யலாம்.

அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 471 பெண்களில் 8 பேருக்கு யூரெட்டர் காயம். கேமரா போடும் முன் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்!

அப்புறம் என்ன தயக்கம்? பல கணக்குகளில் இந்தக் காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதற்காக எல்லோருக்கும் நேரமும் பணமும் செலவழிப்பதா என்பது ஒரு வாதம். பல மகளிர் மருத்துவர்களுக்கு இதில் போதிய பயிற்சி இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் இதற்குத் தனி அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும். யூராலஜிஸ்ட் வரும்வரை காத்திருக்க யாருக்கு நேரம்?

சாயத்திலும் ஒரு சிக்கல். சிறுநீரை நீலமாக்கிக் காட்டும் இண்டிகோ கார்மைன் 2014 வாக்கில் அமெரிக்காவில் கிடைக்காமல் போனது. மஞ்சள் நிற ஃப்ளோரசீன், ஆரஞ்சு நிறம் தரும் ஃபினாஸோபிரிடின் மாத்திரை என்று டாக்டர்கள் மாற்று தேடினார்கள். நீலச் சாயத்துக்கு அங்கே முறைப்படி அங்கீகாரம் கிடைத்தது 2022-இல்தான்.

சோதனையும் முழுக்கப் பத்திரமில்லை. மின்கருவியின் சூட்டால் ஏற்படும் காயம் அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஓட்டை விழும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் சிறுநீர் மெதுவாக வந்து, வீணாகக் கலவரப்படுத்தும்.

இருந்தாலும், தையல் இருக்கும்போதே பிரிக்கக் கிடைக்கும் வாய்ப்பை, கருவி இல்லை, பழக்கமில்லை என்று விடுவது சரியாகப் படவில்லை. ஆபரேஷனுக்கு முன் உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்தச் சோதனை உண்டா என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். வீடு திரும்பிய பிறகு விலாப் பக்க வலி, காய்ச்சல், பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் மாதிரி கசிவு, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீங்க.