ஒடித்த முறுக்கு

மகனின் பதினெட்டாவது மாதப் பரிசோதனைக்காகப் பலதுறை மருந்தகம் சென்றிருந்தோம். "வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவானா?" என்று தாதி கேட்டார். இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குளிர்சாதனப் பெட்டிமேல் வைப்பான். என்ன சாமர்த்தியம் என்று சிரித்திருக்கிறோம்!

நிபுணரைப் பார்க்கும்படி மருத்துவர் சொன்னார். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். இவன் அப்பாவும் அப்படித்தான்" என்றார் மாமியார். அதை நம்பி ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாதம் இன்னும் உறுத்துகிறது.

ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, மூன்று வயதில் 'எப்பிக்' எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் சேர்ந்தான். ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கான, அரசாங்க மானியம் உள்ள திட்டம் அது. வாரத்தில் மூன்று நாள் நிலையத்தில். மற்ற நேரமெல்லாம் வீட்டில், பாட்டியுடன்.

"தமிழை நிறுத்துங்கள், பிள்ளை குழம்பிவிடுவான்" என்றார் உறவினர் ஒருவர். நிறுத்திப் பார்த்தோம். ஆங்கிலம் வராத மாமியார் அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. "உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள். இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாதகமில்லை" என்றார் பேச்சு சிகிச்சையாளர். தமிழில் ஒரு வார்த்தைகூட அறியாதவர் அவர்.

பிறகு வந்தவை பட அட்டைகள். வேண்டிய பொருளின் படத்தை எடுத்து அவன் நம் கையில் தரவேண்டும். உடனே பெயரைச் சொல்லிப் பொருளைக் கொடுக்கவேண்டும். அவனாக அட்டையை நீட்டும்வரை காத்திருக்கவேண்டும். பேரன் கேட்குமுன்னே ஊட்டிப் பழகிய மாமியாருக்கு அந்தக் காத்திருப்புதான் பெரும்பாடு. ஆனால், முறுக்கைச் சிறு சிறு துண்டாக ஒடித்து வைத்துக்கொள்ளும் யோசனை அவருடையதுதான். பத்துத் துண்டு என்றால், பத்து முறை கேட்கவேண்டுமே!

எட்டாவது மாதம், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே "தண்ணி" என்றான். அலுவலகத்திற்கு அழைத்த மாமியார், விஷயத்தைச் சொல்ல முடியாமல் அழுதார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று நான் பதறிவிட்டேன்.

இப்போது ஐந்து வயது. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான். எம்ஆர்டி கதவு மூடும் ஒலிக்கு இன்னும் காதைப் பொத்துகிறான். மின்தூக்கிப் பொத்தானை வேறு யாராவது அமுக்கினால் தரையில் படுத்துவிடுவான். வழக்கமான தொடக்கப்பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மாமியார் மட்டும் முறுக்கை இன்னும் ஒடித்துத்தான் தருகிறார். "பாட்டி, பெருசு!" என்று சண்டை போடுகிறான்.