மேலே வந்து வாயைத் திறந்தால் பயப்பட வேண்டாம். அடியில் படுத்தால் உஷார்! பைட்டர் மீன் வளர்ப்போர் கவனத்துக்கு...

சிவகாசி:

பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் பைட்டர் மீன், பல வீடுகளில் சில நாளிலேயே செத்து மிதக்கிறது. அறிகுறி தெரிந்தால் காப்பாற்றிவிடலாம்.

தாய்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீனுக்கு, செவுளோடு வெளிக்காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. அதனால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறப்பது சகஜம். ஆண் மீன் கட்டும் நுரை அழுக்கு அல்ல, முட்டைக்கான கூடு. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தால் எதிரி என்று நினைத்துச் சிலிர்க்கும். 2 ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. கடித்துக் குதறிவிடும்.

துடுப்பை மடக்கி அடியிலேயே கிடப்பது, தீனி எடுக்காதது, உப்புத்தூள் போல வெள்ளைப்புள்ளி ஆகியவை நோய் அறிகுறிகள். வயிறு மட்டும் உப்பினால் ஒருநாள் தீனியை நிறுத்தலாம். செதில்களும் தூக்கி நின்றால் நிலைமை மோசம்.

பெரும்பாலும் வில்லன் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மீனுக்கு எமன். வாளியில் ஒருநாள் திறந்து வைத்த தண்ணீரையே ஊற்ற வேண்டும். மொத்தமாக மாற்றாமல், வாரம் 2 முறை கால்வாசி மாற்றினால் போதும். ஹார்லிக்ஸ் பாட்டில் பத்தாது. 10 லிட்டர் தொட்டியாவது வேண்டும்.

24 முதல் 28 டிகிரி வெப்பமே இதற்கு ஏற்றது. கோடையில் தகரக் கூரைக்கு அடியிலோ, வெயில் படும் ஜன்னலிலோ வைக்கக் கூடாது. பட்டாசு வேலைக்குப் போய் வருபவர்கள், மருந்து ஒட்டிய கையை நன்றாகக் கழுவாமல் தொட்டிக்குள் விடக் கூடாது.

தீனி வேளைக்கு ரெண்டு, மூணு குருணை போதும். மிச்சம் கிடந்தால் தண்ணீர் கெட்டு, மீனுக்கே வினையாகிவிடும்.